பெற்றோல் இல்லாத 2022: மிதித்தோம், நடந்தோம், கூழ் காய்ச்சினோம்

2022 இல் இலங்கையின் பொருளாதார நெருக்கடியை எப்படிக் கடந்தோம் என்று நாலு ஊரிலிருந்து நாலு பேர் எழுதுகிறோம்.

கோண்டாவில், யாழ்ப்பாணம்

2022 என்றால் எல்லோருக்கும் வரிசைதான் ஞாபகம் வரும். பெற்றோல் வரிசை, காஸ் வரிசை, மண்ணெண்ணெய் வரிசை. எனக்குச் சைக்கிள் ஞாபகம் வரும். அந்த வருஷம் என் உடம்பையும் மனதையும் தூக்கி நிறுத்தியது அதுதான்.

ஜூன் கடைசியில், எரிபொருள் அத்தியாவசிய சேவைகளுக்கு மட்டும் என்று அறிவித்தார்கள். ஜூலையில் கியூஆர் குறியீட்டைக் காட்டி எரிபொருள் அடிக்கிற முறை வந்த பிறகும் மோட்டார் சைக்கிளுக்குக் கிழமைக்கு 4 லீற்றர்தான். ஸ்கூட்டியைத் திண்ணையில் ஏற்றிவிட்டு, அம்மா ஓடிய பழைய லுமாலா சைக்கிளைக் கொட்டிலுக்குள்ளிருந்து இழுத்து எடுத்தேன். இரண்டு சில்லிலும் காற்று இல்லை.

சந்தியில் சைக்கிள் திருத்துகிற ஐயாவுக்கு எழுபது தாண்டியிருக்கும். புது ரியூப் அப்போது எங்கேயும் இல்லை. அவர் பழைய ரியூபுக்குக் காற்றடித்து, தண்ணீர்ச் சட்டியில் துண்டு துண்டாக அமிழ்த்திப் பார்த்தார். குமிழி வந்த இடங்களில் பென்சிலால் வட்டம் போட்டு, அரத்தால் தேய்த்து, சொலூசன் பூசி, அது காயும்வரை விரலால் தொட்டுத் தொட்டுப் பார்த்துத்தான் ஒட்டுப் போட்டார். அவசரமே இல்லை. வேலை முடிந்ததும், "பிள்ளை, ஏறி இரு. குதிக்காலைப் பெடலிலை வை. பெடல் அடிக்குப் போகேக்கை கால் நேராக நீளவேணும். சீற் பதிஞ்சிருந்தால் முழங்கால்தான் நோகும்" என்று சீற்றை உயர்த்தித் தந்தார்.

அப்போதுதான் தொண்ணூறுகளின் கதையையும் சொன்னார். போர் நடந்த, பொருளாதாரத் தடைக் காலம், யாழ்ப்பாணக் குடாநாட்டில் கரண்ட் இல்லை. சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, பெடலைக் கையால் சுற்றி, டைனமோவில் ரேடியோவைப் பூட்டிச் செய்தி கேட்பார்களாம். ஒருவர் சுற்றுவார், ஒழுங்கை முழுக்கக் காது கொடுக்கும். வீட்டில் ஜாம் போத்தல் விளக்கில் படிப்பு. "அதிலையே பிள்ளையள் படிச்சு வந்ததுகள்" என்றார். காசை எண்ணிக்கூடப் பார்க்காமல் மேசை லாச்சிக்குள் போட்டார்.

நான் படிப்பிக்கிற பள்ளிக்கூடம் எங்கள் வீட்டுக்குத் தெற்கே. தென்மேற்கிலிருந்து வீசுகிற சோளகக் காற்றுக் காலம் அது. காலையில் காற்று முகத்தில் அறையும், மிதிக்க மிதிக்கச் சைக்கிள் நகராதது போல இருக்கும். தொடக்கத்தில் நெஞ்சு அடைத்தது. பிறகு ஒரு பழக்கம் பிடித்துக்கொண்டேன்: காற்றோடு மல்லுக்கு நிற்பதில்லை, மூச்சு வாங்காமல் கதைக்க முடிகிற வேகத்தில் மட்டும் மிதிப்பது. பின்னேரம் அதே காற்று முதுகில் கைவைத்துத் தள்ளிக்கொண்டு வந்துவிடும். சில மாதத்தில் என் சீனி அளவு குறைந்திருந்தது, நித்திரையும் சரியாக வந்தது. பக்கத்தில் ஓடி வருகிற மற்ற ஆசிரியைகளோடு கதைத்துக்கொண்டே போவது இன்னொரு பெரிய ஆறுதல். ஸ்கூட்டியில் போனால் யாரோடு கதைப்பது?

அந்த வருஷ ஆடிப்பிறப்பைச் சொல்லாமல் விட முடியாது. ஜனாதிபதி பதவி விலகிச் சில நாள்தான் ஆகியிருந்தது, நாடே என்ன நடக்கப்போகிறதோ என்று இருந்தது. காஸ் இல்லை. எங்கள் ஒழுங்கையில் நாலு வீடு சேர்ந்து ஒரே பானையில் கூழ் காய்ச்சினோம். ஒரு வீட்டில் பச்சையரிசி, ஒரு வீட்டில் தேங்காய், இன்னொரு வீட்டில் பனங்கட்டிக் குட்டான். பயறு விற்ற விலைக்கு ஒரு சுண்டுதான் (ஒரு சின்ன அளவுப் பேணி) வாங்க முடிந்தது. முற்றத்தில் மூன்று கல் வைத்து ஊமலும் (காய்ந்த பனங்கொட்டை) பன்னாடையும் போட்டு எரித்தோம். ஊமல் நெருப்பு நின்று எரியும், கூழுக்கு அதைவிட நல்ல அடுப்பு இல்லை என்பேன். பலா இலையைக் கோலி ஈர்க்குக் குத்தி, பிள்ளைகள் வரிசையாக இருந்து குடித்தார்கள். பானையடியில் ஒட்டியதையும் வழித்து முடித்தார்கள்.

வெள்ளவத்தை, கொழும்பு

கோண்டாவில் அக்காவின் சைக்கிளைப் போல எனக்கு மாடிப்படி. நாங்கள் இருப்பது ஆறாம் மாடி. மார்ச் கடைசியில் நாளுக்கு 13 மணித்தியாலம் வரை மின்வெட்டு, லிப்ட் நின்றுவிடும். ஓய்வு பெற்ற மனிதன், இனி வெளியே போவதே இல்லை என்று முதலில் கதிரையில் இருந்துவிட்டேன்.

மூன்றாம் மாடியில் ஒரு சிங்கள அம்மா தனியாக இருக்கிறார். என்னைவிட வயதில் மூத்தவர். ஒரு நாள் படியில் பையோடு ஏறிக்கொண்டிருந்தார். ஒவ்வொரு தட்டிலும் கொஞ்சம் நின்று, கைப்பிடியைப் பிடித்து, மூச்சு அடங்கியதும் அடுத்த தட்டு. உதவட்டுமா என்று கேட்டேன். "இது என் உடற்பயிற்சி மகாத்தயா, என்னோடு சேர்ந்து ஏறுங்கள்" என்றார். அடுத்த நாளிலிருந்து காலையில் இருவரும் சேர்ந்து இறங்கி, ரயில் பாதையை ஒட்டிக் கடற்கரையில் கொஞ்சம் நடந்துவிட்டுத் திரும்பி ஏறுவோம். முழங்கால் நோவு உள்ளவர்கள் இறங்கும்போதுதான் கவனமாக இருக்க வேண்டும். ஏறுவதைவிட இறங்குவதுதான் மூட்டுக்குப் பாரம்.

பால்மா கிடைக்காத காலம் அது. அவர் மண்ணெண்ணெய் அடுப்பில் கொலகெந்த என்கிற இலைக்கஞ்சி காய்ச்சுவார். சிவப்பரிசியைக் குழைய வேகவிட்டு, தேங்காய்ப்பால் விட்டு, வல்லாரையை அரைத்துப் பிழிந்த சாற்றைக் கடைசியில் ஊற்றி ஒரு கொதியில் இறக்குவார். சாற்றை முன்னமே ஊற்றினால் பச்சை நிறம் போய்விடும். சூடாக ஒரு கோப்பை, கடிக்க ஒரு துண்டுக் கருப்பட்டி. மே கடைசியில் மழை தொடங்கியதும் நாங்கள் கொத்தமல்லியை வறுத்து இஞ்சி தட்டிப் போட்டு அவித்துக் கொடுத்தோம். எத்தனையோ வருஷமாக ஒரே கட்டடத்தில் இருந்தவர்கள். பெயர் தெரிந்தது அந்த வருஷம்தான்.

மட்டக்களப்பு

சுருக்கமாகச் சொல்கிறேன். அரச ஊழியர்கள் வீட்டுத் தோட்டம் செய்யட்டும் என்று வெள்ளிக்கிழமை விடுமுறை தந்தார்களே, நான் உண்மையாகவே மண்வெட்டி எடுத்தேன். வெண்டி, பயற்றை, பசளி. மண் கொத்துவதைவிட முழு உடம்புக்கும் வேலை தருகிற பயிற்சி எனக்குத் தெரியாது. ஆனால் முதுகை வளைக்காமல் முழங்காலை மடித்துக் கொத்த வேண்டும். முதல் பறித்த பயற்றங்காயைப் பால்கறி வைத்துப் பக்கத்து வீட்டுக்கும் கொடுத்தோம்.

ஹற்றன்

எங்க தேயிலைத் தோட்டத்துல நடக்கிறதும் சுமக்கிறதும் பயிற்சி இல்லை, அதுதான் வேலை. அம்மா கொழுந்து பறிக்கிறவங்க. 2022ல நாள் சம்பளம் 1000 ரூபா, கோதுமை மா விலை ஏறினதும் அது ஒண்ணுக்கும் காணல. கொழும்பில் நான் இருந்த ஆடைத் தொழிற்சாலையில் வேலை நின்றதும் தோட்டத்து வரிசை வீடான லயத்துக்கே திரும்பி வந்துவிட்டேன்.

ரொட்டி சுட முடியாத நாளில் மரவள்ளிக் கிழங்கை அவித்து, காய்ந்த மிளகாயும் சின்ன வெங்காயமும் உப்பும் இடித்த கட்டைச் சம்பலோடு சாப்பிடுவோம். கொடியில் காய்த்துத் தொங்கிய சௌசௌதான் கறி. ஜூலை மாதம் ஹற்றனில் மழையும் குளிரும் விடவே விடாது. தேயிலை மிலாறு (காய்ந்த தேயிலைக் குச்சி) போட்டு அடுப்பெரித்து, இஞ்சி போட்ட சாயத்தண்ணியோடு அடுப்பைச் சுற்றி உட்கார்ந்திருப்போம்.

தொழிற்சாலை மூடியதில் என்னைப் போல நிறையப் பிள்ளைகள் ஊருக்கு வந்திருந்தார்கள். மழை விட்ட பின்னேரங்களில் மைதானத்தில் வொலிபோல் வலை கட்டினோம். முதலில் பொடியன்கள் மட்டும்தான் விளையாடினார்கள். எங்க மாமா ஒருத்தர் வந்து, "பொம்பளப் பிள்ளைகளும் இறங்குங்க, சும்மா இருந்தா யோசனைதான் வரும்" என்று பந்தை என் கையில் தந்தார். வேலை தேடுகிற தகவல் எல்லாம் அந்த மைதானத்தில்தான் பரிமாறிக்கொண்டோம். எனக்கு இப்போதைய வேலை கிடைத்ததும் அப்படித்தான்.

கோண்டாவில் அக்கா, கூழுக்கு அளவு சொல்லுங்க. இங்கே பனங்கட்டி கிடைக்காது.

கோண்டாவில், யாழ்ப்பாணம்

தங்கச்சி, கித்துள் கருப்பட்டி போடலாம், நல்லா இருக்கும். ஒரு சுண்டு பச்சையரிசி மாவை வறுத்து எடுங்கோ. கால் சுண்டு பயறை வறுத்து அவித்து வையுங்கோ. வறுத்த மாவில் ஒரு பங்கைக் கொதிதண்ணீரில் குழைத்துச் சின்னச் சின்னத் தட்டையாக உருட்டிக் கொதிக்கிற தண்ணீரில் போட்டு, அது வெந்து மிதக்கும்போது பயறையும் தேங்காய்ச் சொட்டையும் சேருங்கோ. மிச்ச மாவைத் தேங்காய்ப்பாலில் கட்டி இல்லாமல் கரைத்து ஊற்றிக் கிண்டவேணும். கருப்பட்டியைக் கரைத்து வடித்து விட்டு, கடைசியில் ஏலக்காய், மிளகு, சீரகத் தூள். ஹற்றன் குளிருக்கு மிளகைக் கொஞ்சம் கூடவே போடுங்கோ.