மறு: தாய்மாரின் தையற்புண்ணுக்குக் காட்டும் ஒளிக்கு என்ன சொல்?

> "ஒளிச்சிகிச்சை" என்றே வைத்தால் என்ன?

வைக்க இயலாது. நாம் சொல் தேடுவது, தையற்புண் ஆறத் துணையாக எல்ஈடி ஒளி காட்டும் photobiomodulation முறைக்கு. யாழ்ப்பாணத்து மகப்பேற்று வாட்டில் ஒளிச்சிகிச்சை என்றால் செங்கமாரிப் பிள்ளையை நீல ஒளியில் கிடத்துவது: 460–490 நனோமீற்றர். தாயின் தையலுக்குக் காட்டுவதோ 630–660 சிவப்பு, அல்லது 810ஐ அண்டிய, கண்ணுக்குத் தெரியாத செந்நிறக்கீழ் ஒளி. துண்டில் அந்தச் சொல் மட்டும் இருந்தால் தாய்க்கா, பிள்ளைக்கா?

தாய்க்கான இரண்டு கருவிகளுக்கிடையே குழப்பம் இன்னும் மோசம். பழைய வெப்பவிளக்கும் சிவப்பு, எல்ஈடியும் சிவப்பு. வெப்பவிளக்கு சூட்டால் இரத்தக்குழாயை விரித்து ஈரத்தை உலர்த்தும். 40 வாற்றுக் குமிழ், 45–50 சென்ரிமீற்றர் தள்ளி, 10–15 நிமிடம். எல்ஈடியில் வேலை செய்வது சூடல்ல, கலத்துக்குச் சக்தி ஆக்கும் இழைமணி உறிஞ்சும் ஒளி. சதுர சென்ரிமீற்றருக்கு 50 மில்லிவாற்று தரும் கருவியை 80 செக்கன் பிடித்தால் சதுர சென்ரிமீற்றருக்கு 4 யூல் சக்தி. அதையே வெப்பவிளக்குக் கணக்கில் 15 நிமிடம் பிடித்தால் 45 யூல், 11 மடங்கு! அளவு மிஞ்சினால் கலம் ஊக்கம் பெறாது, மந்தப்படும்.

அதனால்தான் "ஒளித்தூண்டல்" வேண்டாம் என்கிறேன்; கூடினால் தூண்டாது. modulation என்பதற்கான "பண்பேற்றம்" வானொலிக்காரரின் சொல். "ஒளிச்சீராக்கம்" பொருந்தும். ஆங்கிலத்திலேயே விடலாம் என்போருக்கு: 1860களிலேயே மானிப்பாயில் அமெரிக்க மிஷன் மருத்துவர் சாமுவேல் கிறீன் தமிழில் மருத்துவம் படிப்பித்தார். குடும்பநல மாதுக்கு இந்த ஒரு கருவிக்கு மட்டும் தமிழ் இல்லையா?

———

> "ஒளிச்சீராக்கம்" பொருந்தும்

அக்கா, எனக்கும் சம்மதம். ஆனால் வெப்பவிளக்குக்கு முந்தின மடலில் வந்த "விளக்கொத்தணம்" ஆபத்தான சொல். ஒத்தணம் என்றால் எங்கட ஆக்கள் துணியைச் சுடவைத்து உடம்பில் ஒற்றுவினம். விளக்கையும் கிட்டக் கொண்டுபோவினம். சிசேரியனுக்கு முதுகில் ஊசி போட்ட தாய்க்கு விறைப்பு முழுதாக விடும்வரை சுடுவது தெரியாது. எண்ணெயோ களிம்போ பூசியிருந்தால் முதலில் துடைக்கவேணும், இல்லாவிட்டால் தோல் வெந்துபோம். "வெப்பவிளக்கு" என்றே இருக்கட்டும்.

ஒளிச்சீராக்கத்தின் வரைவிலக்கணத்தில் அலைநீளமும் சதுர சென்ரிமீற்றருக்கு எத்தனை யூல் என்பதும், கண்காப்புக் கண்ணாடியும் கட்டாயம் வரவேணும். "புண்ணைக் குணமாக்கும்" என்று எழுதவேண்டாம். பிரசவத் தையலில் ஆய்வு முடிவுகள் ஒன்றுக்கொன்று ஒத்துப்போகவில்லை. "ஆறுவதற்குத் துணையாகப் பயன்படுத்தும்" என்று போடுவோம்.