பூட்டிக் கிடந்த வீட்டை நோன்புக்குத் திறக்கிறோம்: காய்ச்சல், வயிற்றுப்போக்குக்கு என்ன முன்னேற்பாடு?

கேள்வி: வளவுவீட்டு மருமகள்

வணக்கம். மார்கழியில் வரும் பிள்ளையார் நோன்புக்கு இந்த வருடம் பங்காளி வீட்டார் எல்லோரும் காரைக்குடிப் பக்கத்துப் பள்ளத்தூர் வீட்டில் கூடுகிறோம். பத்து நாள் தங்கல். வீடு வருடத்தில் பெரும்பாலும் பூட்டியே கிடப்பது. மூன்றாம் கட்டுக்குப் பின்னால் தோட்டம் முழுக்கப் புதர். கிணறு இருக்கிறது, வளவில் (உள்முற்றத்தில்) மழைத்தண்ணீர் பிடிக்கும் பித்தளை அண்டாக்களும் இருக்கின்றன. வருகிறவர்களில் 8 மாதக் குழந்தை, 4 வயதுப் பையன், ஐந்து மாதக் கர்ப்பிணி, சர்க்கரை உள்ள 74 வயது அப்பத்தா உண்டு.

ஐப்பசி தொடங்கித் தை வரை நம் பக்கம் டெங்கும் உண்ணிக்காய்ச்சலும் வரும் என்கிறார்கள். காய்ச்சல் வந்தால் எது தானாகப் போகும், எதற்கு உடனே ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும்? கிணற்றுக்கு ப்ளீச்சிங் பவுடர் எவ்வளவு? கையில் என்ன மருந்து வைத்துக்கொள்வது? முன்ஜாக்கிரதையாக ஆன்டிபயாட்டிக் ஓர் அட்டை வாங்கி வைக்கலாமா?

பதில் 1: குழந்தைநல மருத்துவர், காரைக்குடி

ஆச்சி, முதலில் ஒரு நோட்டு வாங்கி வையுங்கள். யாருக்குக் காய்ச்சல் கண்டாலும் எந்தத் தேதி, எத்தனை மணிக்குத் தொடங்கியது என்று எழுதிவிடுங்கள். மழைக்காலக் காய்ச்சலில் நாள் கணக்குதான் பாதி வைத்தியம். எந்தப் பரிசோதனை எப்போது பலன் தரும், ஆபத்து எந்த நாளில் வரும் என்பதெல்லாம் அதைப் பொறுத்தது. "நாலஞ்சு நாளா இருக்கு" என்று வருகிறவர்களிடம் எங்களுக்கு அங்கேயே தடுமாற்றம் வந்துவிடும்.

மூக்கு ஒழுகல், தும்மல், தொண்டைக் கரகரப்போடு வரும் காய்ச்சல் பெரும்பாலும் வைரஸ். மூன்று நாளில் தணியும், இருமல் மட்டும் இன்னும் சில நாள் இழுக்கும். இதற்கு ஆன்டிபயாட்டிக் வேலை செய்யாது. சளியே இல்லாமல் கடும் தலைவலி, உடம்புவலியோடு காய்ச்சல் அடித்தாலோ, மூன்றாம் நாளும் தணியாவிட்டாலோ ரத்தம் பார்த்தே ஆக வேண்டும்.

டெங்குவில் முதல் மூன்று நாள் என்எஸ்1 என்ற ரத்தப் பரிசோதனை பிடித்துக் கொடுக்கும். ஐந்து நாளுக்குப் பிறகு ஐஜிஎம் (நோய்க்கு எதிராக உடம்பு உண்டாக்கும் எதிர்ப்புப்பொருள்) பார்க்க வேண்டும். பலர் ஏமாறும் இடம் ஒன்று உண்டு: காய்ச்சல் இறங்கியதும் குணமாகிவிட்டது என்று நினைத்துக்கொள்வார்கள். டெங்குவின் ஆபத்தான கட்டமே அப்போதுதான் தொடங்குகிறது. மூன்றாம் நாளுக்கும் ஏழாம் நாளுக்கும் இடையில் ரத்தக்குழாயிலிருந்து நீர் கசிந்து வெளியேறும். விடாத வயிற்றுவலி, தொடர் வாந்தி, ஈறிலோ மூக்கிலோ ரத்தம், கறுத்த மலம், கை கால் சில்லிடுவது, குழந்தை அளவுக்கு மீறித் தூங்குவது அல்லது நிலைகொள்ளாமல் தவிப்பது, ஆறு மணி நேரமாகச் சிறுநீர் போகாதது, இவற்றில் ஒன்று இருந்தாலும் இரவென்று பார்க்காமல் கிளம்புங்கள். தட்டணு (பிளேட்லெட்) எண்ணிக்கையை மட்டும் பார்த்துக்கொண்டிருப்பது பிசகு. ஹீமட்டோக்ரிட் (ரத்தத்தில் சிவப்பணுக்களின் பங்கு) ஏறுகிறதா என்பதும் சேர்த்துப் பார்க்க வேண்டியது. நிலவேம்புக் குடிநீரோ பப்பாளி இலைச்சாறோ கொடுக்கிறவர்கள் அதைக் காரணமாக வைத்துக் கஞ்சி, மோர், இளநீர், ஓஆர்எஸ் (உப்பு, குளுக்கோஸ் கரைசல்) ஆகியவற்றைக் குறைத்துவிடக் கூடாது.

உண்ணிக்காய்ச்சலை (ஸ்க்ரப் டைபஸ்) பற்றிச் சற்று விரிவாகவே சொல்கிறேன். உங்கள் தோட்டப் புதரை நினைத்தால் எனக்கு அதுதான் முதல் கவலை. கடிப்பது மாட்டில் ஒட்டும் பெரிய உண்ணி அல்ல. புல்நுனியில் காத்திருக்கும், கண்ணுக்குச் சரியாகப் புலப்படாத சிறு பூச்சியின் குஞ்சு. கடித்து 6 முதல் 21 நாளுக்குள் காய்ச்சல் வரும். கடித்த இடத்தில் சிகரெட்டால் சுட்டது போல ஒரு கறுப்புப் பொருக்கு, சுற்றிலும் சிவந்த வளையம். அது வலிக்காது, பெரும்பாலும் அரிக்காது, அதனால் நோயாளிக்கே தெரிந்திருக்காது. காய்ச்சல்காரரை நல்ல வெளிச்சத்தில் உடுப்பைத் தளர்த்தித் தேடுங்கள்: அக்குள், தொடை இடுக்கு, விரைப்பை, மார்புக்கு அடி, இடுப்பில் நாடாவோ பெல்ட்டோ அழுந்தும் வரி, தொப்புள், காதுக்குப் பின்புறம், தலைமுடிக்குள், குழந்தைக்குப் பிட்டம். வியர்வை தங்கும் மடிப்புகளில் கறுப்பு இல்லாமல் வெறும் ஆழமற்ற புண்ணாகவும் இருக்கும். பக்கத்தில் நெறி கட்டியிருந்தால் சந்தேகம் வலுக்கும். பொருக்கு காணவில்லை என்பதால் நோய் இல்லை என்று ஆகிவிடாது. பலருக்கு அது தென்படுவதே இல்லை.

இதற்கான மருந்து டாக்சிசைக்ளின். விலை குறைவு, எங்கும் கிடைக்கும். பெரியவர்களுக்கு 100 மி.கி. காலை, இரவு, ஏழு நாள். குழந்தைக்கு எடைக் கணக்கு: கிலோவுக்கு 2.2 மி.கி. வீதம் இரு வேளை. எட்டு வயதுக்குக் கீழே கொடுத்தால் பல் மஞ்சளாகும் என்ற பயம் பழைய டெட்ராசைக்ளினோடு வந்தது. ஒரு வாரம் டாக்சி கொடுப்பதால் பல் கெடுவதில்லை. கர்ப்பிணிக்கு அசித்ரோமைசின். மருந்து தொடங்கி 48 மணி நேரத்தில் காய்ச்சல் விடுவது வழக்கம். விடாவிட்டால் நோயை வேறு இடத்தில் தேட வேண்டும். அமாக்ஸிசிலின், செஃபிக்ஸிம், செஃப்ட்ரியாக்ஸோன் ஊசி எதுவும் இந்தக் கிருமியைத் தொடாது. மருந்துக்கடையில் அவற்றை வாங்கி ஐந்து நாளை ஓட்டிவிட்டு இரண்டாம் வாரத்தில் மூச்சிரைப்பு, மஞ்சள்காமாலை, சிறுநீரகப் பாதிப்பு, மூளைக்காய்ச்சல் என்று வருவதுதான் எங்களை வதைக்கிறது. அந்த நிலையில் டாக்சியும் அசித்ரோவும் சேர்த்து நரம்பு வழி கொடுப்பது ஒன்றை மட்டும் கொடுப்பதைவிட மேல் என்று வேலூர் சிஎம்சி மருத்துவமனை முன்னின்று நடத்திய ஆய்வு 2023ல் காட்டியது. ஐஜிஎம் பரிசோதனை முதல் ஐந்து நாளில் பொய்யாக நெகட்டிவ் காட்டலாம். பொருக்கைக் கண்டால் முடிவுக்குக் காத்திராமல் மருந்தைத் தொடங்கச் சொல்லிக் கேளுங்கள்.

படிப்படியாக ஏறி வாரம் தாண்டும் காய்ச்சல், பசியின்மை, வயிற்று மந்தம் என்றால் டைபாய்டு. ஒரே ஒரு வைடால் பரிசோதனையை வைத்து முடிவு கட்டாதீர்கள். ஆன்டிபயாட்டிக் தொடங்குமுன் ரத்தக் கல்ச்சர் (ரத்தத்திலுள்ள கிருமியை வளர்த்துப் பார்க்கும் சோதனை) எடுக்கச் சொல்லுங்கள். கெண்டைக்கால் வலி, கண்சிவப்பு, மஞ்சள் என்றால் எலிக்காய்ச்சல்.

உங்கள் 8 மாதக் குழந்தையின் மூச்சை, அது அமைதியாக இருக்கும்போது, முழு ஒரு நிமிடம் எண்ணிப் பழகுங்கள். 2 முதல் 12 மாதம் வரை நிமிடத்துக்கு 50, ஒன்று முதல் ஐந்து வயது வரை 40. அதைத் தொட்டாலோ விலா உள்வாங்கினாலோ நிமோனியா என்றே எடுத்துக்கொண்டு கிளம்புங்கள். கூட்டத்தில் மூன்று மாதத்துக்கு உட்பட்ட பச்சைக்குழந்தை யாராவது இருந்தால் 100.4 டிகிரி பாரன்ஹீட் தொட்டதுமே ஆஸ்பத்திரி.

பதில் 2: ஓய்வுபெற்ற சுகாதார ஆய்வாளர்

டாக்டர் சொன்னதற்கு முன்னால் நடக்க வேண்டியதை நான் சொல்கிறேன், தாயி. வீட்டை நோன்புக்கு முதல் நாள் திறந்தால் பயன் இல்லை. பத்து, பன்னிரண்டு நாள் முன்பே ஆள் விட்டுவிடுங்கள்.

கிணறு: நீரின் அளவு தெரியாமல் கைப்பிடிக் கணக்கில் பவுடர் போடுவதுதான் ஊர் வழக்கம்; அது வேண்டாம். விட்டத்தை விட்டத்தால் பெருக்கி, நீரின் ஆழத்தால் பெருக்கி, 3.14ஆல் பெருக்கி, 4ஆல் வகுத்தால் கன மீட்டர் வரும். 1000ஆல் பெருக்கினால் லிட்டர். விட்டம் 2 மீட்டர், நீர் 4 மீட்டர் என்றால் 12,560 லிட்டர். 33 சதவீதக் குளோரின் உள்ள நல்ல பவுடர் 1000 லிட்டருக்கு 2.5 கிராம், ஆக 31 கிராம் சுமார். வாளியில் சிறிது தண்ணீர் விட்டுக் கூழாகக் கரைத்து, பிறகு முக்கால் வாளி நிரப்பிக் கலக்கி, பத்து நிமிடம் தெளியவிடுங்கள். தெளிவை மட்டும் வேறு வாளிக்கு மாற்றிக் கிணற்றில் இறக்கி மேலும் கீழுமாக ஆட்டிக் கலக்குங்கள். அடியில் தங்கும் சுண்ணாம்பைக் கிணற்றில் கொட்டக் கூடாது. குறைந்தது ஒரு மணி நேரம் விட வேண்டும். இரவில் எல்லோரும் தண்ணீர் எடுத்து முடித்த பிறகு போட்டால் விடியும்வரை நேரம் கிடைக்கும். காலையில் குளோரின் டெஸ்ட் கிட்டில் 0.5 பிபிஎம் (லிட்டருக்கு 0.5 மி.கி.) வராவிட்டால் நீரில் அழுக்கு அதிகம் என்று பொருள். அன்றிரவும் அதே அளவு. பல காலம் இறைக்காத கிணறு என்றால் முதலில் மோட்டார் வைத்து இறைத்துவிட்டு ஊறிவரும் புதுநீருக்குப் போடுங்கள். திறந்து வைத்த பழைய பவுடரில் சத்து போயிருக்கும், புதுப் பாக்கெட் வாங்குங்கள். இத்தனை செய்தாலும் குழந்தைக்குத் தளதளவென்று கொதித்து ஆறிய தண்ணீர்தான்.

அண்டா, உரல், ஆட்டுக்கல், பூந்தொட்டித் தட்டு, முற்றத்து நீர்போக்கி, மாடியில் கிடக்கும் உடைந்த ஓடு: டெங்குக் கொசு முட்டையிடும் இடங்கள் இவை. சாக்கடையில் அது முட்டையிடாது, நல்ல தண்ணீரைத்தான் தேடும். முட்டை நீர்மட்டத்தை ஒட்டிய சுவரில் ஒட்டிக்கொண்டு, காய்ந்தாலும் மாதக்கணக்கில் சாகாமல் கிடக்கும். தண்ணீரைக் கவிழ்த்தால் மட்டும் போதாததற்கு இதுதான் காரணம். அண்டாவின் உள்விளிம்பை நாரும் புளியும் போட்டு அழுத்தித் தேய்த்துக் கழுவ வேண்டும் (பித்தளைக்கு ப்ளீச்சிங் ஆகாது, அரிக்கும்). முட்டை கொசுவாக ஏழு முதல் பத்து நாள் ஆகிறது; வாரம் ஒருமுறை தேய்த்தால் சங்கிலி அறுந்துவிடும். வேட்டித்துணி போட்டு வாயைக் கட்டிவிடுங்கள். இந்தக் கொசு பகலில் கடிப்பது, குழந்தை மதியம் தூங்கும்போதும் வலை வேண்டும்.

தோட்டம்: புதரை வெட்டி, வீட்டுச்சுவரிலிருந்து சில அடி தூரமாவது வெறுந்தரையாக விடுங்கள். வெட்டுகிறவர் முழுக்கால் சட்டை, காலணி போட்டு, முடித்த உடனே சோப்புத் தேய்த்துக் குளித்து, உடுப்பைச் சுடுநீரில் போட வேண்டும். துணியைப் புல்மேலோ வேலிமேலோ காயப்போடாதீர்கள். பிள்ளைகளைப் புல்லில் உட்கார விடாதீர்கள். எலிப்புழுக்கை கிடக்கும் அறையைக் காய்ந்தபடி பெருக்கினால் தூசியோடு மூச்சில் போகும். லிட்டருக்கு 30 கிராம் ப்ளீச்சிங் கரைத்துத் தெளித்து, அரைமணி நேரம் ஊறவிட்டு, கையுறையோடு ஈரத்துணியால் துடைத்தெடுங்கள். அதோடு கழிவறை ஆசிட்டைச் சேர்த்தால் நச்சுவாயு வரும், கவனம்.

பதில் 3: மருந்தாளுநர், தேவகோட்டை

ஆன்டிபயாட்டிக் அட்டை வாங்கி வைக்காதீர்கள். அரைகுறையாக இரண்டு நாள் போட்டால் கல்ச்சரில் கிருமி வளராது, நோயும் மறைந்து நின்று தாக்கும். டாக்சியும் மருத்துவர் எழுதித்தான். அவர் எழுதினால் நிறையத் தண்ணீரோடு விழுங்கி அரைமணி நேரம் படுக்காமல் இருக்க வேண்டும். படுத்தால் உணவுக்குழாய் புண்ணாகும். பால், இரும்புச்சத்து மாத்திரை, அல்சர் ஜெல் இவற்றோடு சேர்த்துப் போட்டால் மருந்து உடம்பில் சேராது, இரண்டு மணி நேர இடைவெளி வேண்டும்.

வாங்க வேண்டியவை: டிஜிட்டல் தெர்மாமீட்டர், பாராசிட்டமால், ஓஆர்எஸ் பாக்கெட், துத்தநாக மாத்திரை 20 மி.கி., கொசு விரட்டிக் களிம்பு.

பாராசிட்டமாலில் அதிகம் நடக்கும் தவறு சிரப்பின் பலம் பாராமல் ஊற்றுவது. கிலோவுக்கு 15 மி.கி., ஆறு மணிக்கு ஒருமுறை, நாளில் நான்கு தடவைக்கு மேல் கூடாது. 10 கிலோ குழந்தைக்கு 150 மி.கி. அது 5 மி.லி.யில் 120 உள்ள சிரப்பில் 6 மி.லி., 5 மி.லி.யில் 250 உள்ளதில் 3 மி.லி., ஒரு மி.லி.யில் 100 உள்ள டிராப்ஸில் ஒன்றரை மி.லி. மூன்றும் ஒரே அலமாரியில் இருக்கும், லேபிளைப் பாருங்கள். டெங்கு இல்லை என்று தெரியும்வரை ஐபுப்ரோஃபென், மெஃபெனமிக், டைக்ளோஃபெனாக், ஆஸ்பிரின் வேண்டவே வேண்டாம், ரத்தக்கசிவு கூடும்.

வயிற்றுப்போக்குக்கு ஓஆர்எஸ். 20.5 கிராம் பாக்கெட் முழுவதையும் ஒரு லிட்டர் தண்ணீரில் ஒரே முறையில் கரைக்க வேண்டும். "குழந்தைதானே" என்று பாதிப் பொடியை டம்ளரில் கொட்டினால் உப்பு ஏறி ஆபத்து. 200 மி.லி. சின்னப் பாக்கெட்டும் உண்டு, உறையில் அளவு பாருங்கள். கரைத்தது 24 மணி நேரத்துக்கு மேல் ஆகாது. இரண்டு வயதுக்குள் ஒவ்வொரு பேதிக்குப் பிறகும் 50 முதல் 100 மி.லி., அதற்கு மேல் 100 முதல் 200. வாந்தி எடுத்தால் பத்து நிமிடம் பொறுத்து, கரண்டி கரண்டியாகத் தொடருங்கள். ஆறு மாதத்துக்கு மேற்பட்ட குழந்தைக்குத் துத்தநாகம் தினம் 20 மி.கி., போக்கு நின்றாலும் 14 நாள். தாய்ப்பாலை நிறுத்தாதீர்கள். அட்டைப்பெட்டியில் வரும் இனிப்புப் பானம் ஓஆர்எஸ் அல்ல. அந்தப் பெயரை அவற்றின் மேல் போடக்கூடாது என்று உணவுப் பாதுகாப்பு ஆணையமே 2025ல் சொல்லிவிட்டது. பேதியைக் கட்டும் லோப்பராமைடு மாத்திரையைக் குழந்தைக்குக் கொடுக்கவே கூடாது. மலத்தில் ரத்தம், குழிவிழுந்த கண், கிள்ளிய தோல் மெல்லப் படிவது: இவற்றைப் பார்த்தால் வீட்டு வைத்தியம் முடிந்தது என்று கொள்ளுங்கள்.

வளவுவீட்டு மருமகள்

மூவருக்கும் நன்றி. இரண்டு சந்தேகம். அப்பத்தாவுக்கு ஓஆர்எஸ் கொடுத்தால் சர்க்கரை ஏறாதா? சென்னைக்கும் சிங்கப்பூருக்கும் திரும்பிய பிறகு யாருக்காவது காய்ச்சல் வந்தால்?

பதில் 4: குழந்தைநல மருத்துவர், காரைக்குடி

ஒரு லிட்டரில் இருப்பது 13.5 கிராம் குளுக்கோஸ்தான். பேதியால் நீர் வற்றும்போது தாராளமாகக் கொடுக்கலாம், சர்க்கரையை அடிக்கடி பார்த்துக்கொண்டால் போதும். சாப்பாடு இறங்காமல் வாந்தி, பேதி இருக்கும் நாளில் வழக்கமான சர்க்கரை மாத்திரைகளில் எதை நிறுத்துவது என்று அவருடைய மருத்துவரிடம் இப்போதே எழுதி வாங்கி வையுங்கள். மெட்ஃபார்மின் முதலான சிலவற்றை நிறுத்த வேண்டிவரும். இன்சுலினைத் தானாக நிறுத்தக் கூடாது. வயதானவர்களுக்குத் தொற்று முற்றியும் சூடு அதிகம் தெரியாது. திடீரென்று ஆள் தெரியாமல் பேசுவது, எழ முடியாமல் துவள்வது, சிறுநீர் குறைவது ஆகியவற்றையே காய்ச்சலாக எண்ணிக் கூட்டிப்போங்கள். கர்ப்பிணிக்கு எந்தக் காய்ச்சலும் அன்றே பார்க்க வேண்டியது. குளிர் நடுக்கமும் விலாவுக்கடியில் வலியும் இருந்தால் முதலில் சந்தேகிக்க வேண்டியது சிறுநீர்த்தொற்று.

திரும்பிய பிறகு வருவதுதான் கவனம் தப்புவது. டெங்கு 4 முதல் 10 நாள், உண்ணிக்காய்ச்சல் மூன்று வாரம் வரை எடுத்துக்கொள்ளும் என்பதால், பத்து நாள் தங்கியவர்களில் பலருக்கு ஊர் போன பிறகே தெரியும். நகரத்து மருத்துவருக்குப் புதர், தோட்டம் என்று தோன்றவே தோன்றாது. கிளம்பிய தேதியிலிருந்து மூன்று வாரத்துக்குள் யாருக்குக் காய்ச்சல் வந்தாலும், "சிவகங்கை மாவட்டத்தில் பூட்டிக் கிடந்த வீட்டில், புதர்த் தோட்டத்தோடு தங்கினோம், ஸ்க்ரப் டைபஸ் பாருங்கள்" என்று அவர்களே வாய்விட்டுச் சொல்ல வேண்டும். இந்த வரியைக் குடும்ப வாட்ஸப் குழுவில் இப்போதே போட்டுவிடுங்கள், ஆச்சி. ராத்திரியில் அவசரம் என்றால் 108. யோசனை மட்டும் கேட்க 104.