புதுப்பிப்பு: பழைய ரிசீவரும் புது 4கே பிளேயரும் ஒத்துப்போய்விட்டன

2012-இல் வாங்கிய ஏவி ரிசீவர் (ஸ்பீக்கர்களுக்குச் சத்தத்தைப் பிரித்துக் கொடுக்கும் பெட்டி) வழியாகப் புது 4கே ப்ளூரே பிளேயரை டிவியில் இணைத்தால் படத்தின் தெளிவு 4கே-யிலிருந்து 1080பி-க்கு இறங்கிவிடுகிறது என்று போன வாரம் கேட்டிருந்தேன். ரிசீவரை மாற்றச் சொன்னவர்களே அதிகம். மாற்றவில்லை, தேவையும் இல்லை.

கேபிள் மேல் தப்பில்லை. இந்த ரிசீவரில் இருப்பது எச்டிஎம்ஐ (படமும் சத்தமும் ஒரே கேபிளில் போகும் இணைப்பு) 1.4 என்ற பழைய பதிப்பு. 4கே டிஸ்க் கேட்கும் எச்டிசிபி 2.2 என்ற பாதுகாப்புப் பூட்டு அதற்குத் தெரியாது. அது நடுவில் இருக்கும்வரை பிளேயர் முழுப் படத்தை வெளியே விடாது. நல்லவேளையாக என் பிளேயரின் பின்பக்கம் இரண்டு எச்டிஎம்ஐ அவுட் இருக்கிறது. ஒன்றில் 'ஆடியோ ஒன்லி' என்று எழுதியிருக்கிறது. அதை ரிசீவருக்கும், மற்றதை நேராக டிவிக்கும் கொடுத்தேன். படம் உடனே 4கே.

சத்தம்தான் கொஞ்சம் படுத்தியது. ரிசீவர் முகப்பில் வெறும் 'டால்பி டிஜிட்டல்' (சுருக்கிய சத்தம்) என்றே காட்டியது. பிளேயர் மெனுவில் பிட்ஸ்ட்ரீம் (சத்தத்தை அப்படியே ரிசீவருக்கு அனுப்புவது) வைத்து, கூடுதல் ஒலிகளைக் கலக்கும் செகண்டரி ஆடியோவை அணைத்து, டிஸ்க்கை மறுபடி போட்டதும் தரம் குறையாத 'ட்ரூஎச்டி' வந்தது. மழைக் காட்சியில் பின் ஸ்பீக்கர்களில் ஒவ்வொரு சொட்டும் தனியாக விழுந்தது. அப்படியே உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தேன்.

தலைக்கு மேலிருந்தும் ஒலி தரும் டால்பி அட்மாஸ் இந்தப் பழைய ரிசீவருக்குத் தெரியாது, அதனால் அந்த மேற்கூரைச் சத்தம் கிடைக்காது. சரி, எனக்கு இது போதும்.

சத்தத்துக்கு ஆப்டிகல் கேபிள் போதும் என்று சொன்ன நண்பருக்கு: அதில் ட்ரூஎச்டி போகாது, டிவியிலிருந்து எச்டிஎம்ஐ வழியாகவே சத்தத்தை ரிசீவருக்குத் திருப்பி அனுப்பும் சாதாரண ஏஆர்சியிலும் போகாது. பிளேயரில் ஒரே ஒரு எச்டிஎம்ஐ அவுட் இருப்பவர்களுக்கு அந்த வழிகள் உதவும். சுருக்கிய டால்பி 5.1 வரை வரும்.