கன்ப்ளா கட்டும்போது குறுக்கே வந்த ஆட்கள்: உங்க அனுபவம் என்ன?

மொட்டைமாடி_பில்டர்:
கன்ப்ளா, அதான் கன்டம் ரோபோ பிளாஸ்டிக் மாடல் கிட், கட்டறப்ப நடந்தது. நானே ஆரம்பிக்கறேன், ஏன்னா இது மண்டையில ஓடிக்கிட்டே இருக்கு.

ராத்திரி பவர் கட். வெக்கை தாங்காம பாதி கட்டின எச்ஜி (ஹை கிரேட்) கிட்டைப் பெட்டியோட தூக்கிட்டுக் கீழ கார் பார்க்கிங்ல, ஜெனரேட்டர் லைட்டுக்கு அடியில உக்காந்தேன். எங்க அபார்ட்மென்ட் வாட்ச்மேன் ஐயா பக்கத்துல வந்து நின்னார். “பொம்மையா தம்பி, எவ்ளோ?”ன்னு கேப்பார்னு பதிலோட ரெடியா இருந்தேன். கேக்கல. பார்ட்ஸ் ஒட்டிக்கிட்டு நாலு கலர்ல வருமே ஏ பிளேட்டுன்னு ஒரு பிளாஸ்டிக் ஃபிரேம் (ரன்னர்), அதைக் கையில வாங்கி, நேரா பின்பக்கத்தைத் திருப்பினார். ஒரு பார்ட்டோட உள்பக்கத்துல இருக்கற குட்டி வட்டத் தடத்தை நகத்தால தடவி, “அச்சுலேர்ந்து தள்ளி விடற எஜெக்டர் பின் தடமெல்லாம் உள்ள வர்ற மாதிரி குடுத்திருக்கான், மாட்டினா மறைஞ்சிடும்”னார். அப்புறம் சிவப்பும் மஞ்சளும் சேர்ற ஃபிரேம் மூலையை லைட்டுக்கு நேரா பிடிச்சுக்கிட்டு ரொம்ப நேரம் நின்னார். “ஒரே டையில நாலு கலரா?”

கிண்டி எஸ்டேட்ல மோல்டிங் கம்பெனியில மெஷின் ஓட்டினவராம். பக்கெட், மக்கு, மூடி. ஷிஃப்டுக்கு ரெண்டு பொம்பளைங்க பிளேடை வெச்சுக்கிட்டுப் பிசிறு சீவறதுக்குன்னே உக்காந்திருப்பாங்களாம். “இதுல சீவ ஒண்ணுமே இல்லையேப்பா.” அதுக்கப்புறம் ஒண்ணு கேட்டார்: “எத்தனை டன் மெஷின்ல ஓட்டறான்?” டையை, அதான் அச்சை, எத்தனை டன் பலத்துல இறுக்கிப் பிடிக்கற மெஷின்னு அர்த்தம்.

இத்தனை வருஷமா கன்ப்ளா பேசறோம். 1980 ஜூலையில முதல் 1/144 அளவு கிட் வந்தது, 300 யென்னு தூக்கத்துல கேட்டாலும் சொல்லுவேன். கிட் வரிசைகள்ல எம்ஜி (மாஸ்டர் கிரேட்) 1995, பிஜி (பெர்ஃபெக்ட் கிரேட்) 1998, ஆர்ஜி (ரியல் கிரேட்) 2010, எல்லாம் அத்துபடி. அந்தக் கேள்விக்கு மட்டும் என்கிட்ட பதில் இல்ல. காலி ரன்னரை எடுத்துக்கலாமான்னு கேட்டார், குடுத்துட்டேன். யாருக்காவது தெரிஞ்சா சொல்லுங்க, அவர்கிட்ட சொல்லணும்.

பெரம்பூர்_ஜாக்கு:
எனக்கும் ஒருத்தர் உண்டு. ஐப்பசி மாசம், மழை விட்ட சாயங்காலம், மாடியில குஃப்புங்கற நீல ரோபோவுக்கு மேட் டாப்கோட், அதான் பளபளப்பைக் குறைக்கற லாக்கர் ஸ்ப்ரே. ஒரு பாஸ் போட்டிருப்பேன், கண்ணு முன்னாடியே நீலத்து மேல வெள்ளையா படியுது, விபூதி பூசின மாதிரி. துணி எடுக்க வந்த மூணாவது மாடி அங்கிள் “நிறுத்து நிறுத்து”ன்னு ஓடி வந்து கேனைப் பிடுங்கிட்டார். பாடி ஏரியாவுல கார் டிங்கரிங் பெயின்டிங் ஷெட் வெச்சிருந்தவராம், எனக்கு அதுவரைக்கும் தெரியாது.

“தின்னர் பறக்கறப்ப மேல ஜில்லுனு ஆயிடும். காத்துல இருக்கற தண்ணி அதுல வந்து உக்காந்துக்கும். இப்ப தொடாத. நல்ல வெயில் நாளா பாத்து மெல்லிசா இன்னொரு கை அடி, கரைஞ்சு தெளிஞ்சுடும்.” சொல்லிட்டு, குஃப்பைத் தூக்கி மூக்குகிட்ட வெச்சு மோந்து பாத்தார். “நல்ல லாக்கர்டா இது.” துணியை எடுத்துக்கிட்டுக் கீழ போயிட்டார். அது ரோபோவா, ராக்கெட்டா, எதுக்குடா இந்த வயசுல, ஒரு வார்த்தை கேக்கல.

தெளிஞ்சுது. கேடயத்து உள்பக்கம் மட்டும் இன்னும் லேசா இருக்கு.

வெர்னியர்_வேளச்சேரி:
@பெரம்பூர்_ஜாக்கு அங்கிள் சொன்னது பாதிதான் சரி. “வெயில் நாள்” சென்னையில ஒண்ணும் கணக்கு இல்ல. மே மாசம் வெயில் மண்டையைப் பொளக்கும், ஆனா மத்தியானத்துக்கு மேல கடல் காத்து உள்ள வந்ததும் ஈரப்பதம் சரசரன்னு ஏறிடும். விடிகாலையும் ஆகாது. மேற்குக் காத்து அடிக்கற முன்பகல்தான் நேரம், பத்து, பதினொண்ணு மணி வாக்கில. ஈரப்பதம் காட்டற ஹைக்ரோமீட்டர் ஒண்ணு வாங்கிப் பக்கத்துல வெச்சுக்கோங்க. 65 சதவீதம் தாண்டினா நான் கேனைத் தொடவே மாட்டேன்.

அதுலயும் இன்னொரு சிக்கல். அந்த நேரத்துக் காய்ச்சலுக்கு ரொம்ப தூரத்துலேர்ந்து அடிச்சா பெயின்ட் நடுவுலயே காஞ்சு, மாவா வந்து விழும், மேல மணல் மணலா நிக்கும். 20லேர்ந்து 30 சென்டிமீட்டர், கையை நிறுத்தாம ஒரே வீச்சு. கேனை வெயில்ல வெக்காதீங்க, 40 டிகிரிக்கு மேல சூடாகக் கூடாதுன்னு அதுலயே போட்டிருக்கும், நம்ம மாடித் தரை அதை அசால்ட்டா தாண்டும்.

புதுசா வர்றவங்களுக்கு இன்னொண்ணு. பேனல் லைன், அதான் பார்ட் மேல இருக்கற கோடுகளை எடுத்துக் காட்டற எனாமலை வெறும் பிளாஸ்டிக் மேல ஊத்தாதீங்க. இறுக்கமா மாட்டின மூட்டு, அதுவும் ஏபிஎஸ் பிளாஸ்டிக்கா இருந்தா, எனாமல் தின்னர் உள்ள இறங்கி விரிசல் விட்டுடும். கட்டி முடிச்ச பொம்மை காலு காலா உதிர்ந்ததைப் பாத்திருக்கேன். முதல்ல லாக்கர் கிளாஸ் (பளபளப்பு) கோட், அது நல்லா காயணும், மேல எனாமல், மீதியை எனாமல் தின்னர் தொட்ட பட்ஸால துடை. எனாமல் தின்னர் கீழ இருக்கற லாக்கரை ஒண்ணும் பண்ணாது. தலைகீழா பண்ணினா லாக்கர் போய் எனாமலைக் கரைச்சுடும். பார்ட்ஸைக் கட்டறதுக்கு முன்னாடி பாத்திரம் கழுவற லிக்விட் ஒரு சொட்டு விட்டு அலசிக் காய வைங்க, எண்ணெய்ப் பசை போனாத்தான் பெயின்ட் பிடிக்கும்.

என் அனுபவம் சின்னதுதான். சிங்கப்பூர்லேர்ந்து மச்சான் எனக்கு டாப்கோட் கேன் கொண்டு வந்தார். ஏர்போர்ட்ல பையைத் திறந்து எடுத்துட்டாங்க, அது ரூல். எடுத்த ஆள் கேனைத் திருப்பிப் பாத்துட்டு மெதுவா “எம்ஜியா?”ன்னு கேட்டாராம். மச்சானுக்கு ஒண்ணும் புரியல, “இல்ல சார், மாப்பிள்ளைக்கு”ன்னிருக்கார்.

கேட்மார்க்:
கடைசி நாலு வரிக்கு மேல இருந்த பாடத்தை யாருங்க கேட்டா 😄

ரிச்சி ஸ்ட்ரீட், எலக்ட்ரானிக்ஸ் கடைங்க இருக்கற தெரு. சைட் கட்டர் வாங்கப் போயிருந்தேன். கடைக்காரர் என்ன ஒயர் வெட்டணும்னு கேட்டார். ஒயர் இல்லண்ணே, இதுன்னு பாக்கெட்லேர்ந்து ஒரு ரன்னர் துண்டை நீட்டினேன். தொங்கவிட்டிருந்த கட்டர்ல ஒண்ணை எடுத்து அவரே வெட்டினார். வெட்டின இடத்துல வெள்ளையா தழும்பு. அதைக் கண்ணாடிக்குக் கீழ தள்ளிப் பாத்துட்டு, “இது உனக்கு ஆகாது, காசு வேஸ்ட்”னு திரும்ப மாட்டிட்டார். கல்லாவுக்குக் கீழேர்ந்து அவர் சொந்தக் கட்டரை எடுத்தார், சர்க்யூட் போர்டுல சால்டர் பண்ணப்புறம் காலு நறுக்கறது. ஒரு பக்கம் தட்டையா இருக்கும். தட்டைப் பக்கத்தைப் பார்ட் பக்கமா திருப்பி, முதல்ல தள்ளி ஒரு வெட்டு, மிச்சத்தை ஒட்டி இன்னொரு வெட்டு. யாரும் சொல்லிக் குடுக்காம. வீடியோ பாத்துப் பாத்து நான் கத்துக்கிட்டதை அந்த ஆள் நின்ன வாக்குல பண்ணினார்.

அந்த மாடல் ஸ்டாக் இல்லன்னார். “உங்களோடதைக் குடுங்க”ன்னேன். முறைச்சார்.

மாம்பலம்_மோனோஐ:
எங்க வீட்டுக் கொலு. பையன் அடம் பிடிச்சதால பச்சை ஜாக்கு ரோபோவை அஞ்சாவது படியில, செட்டியாருக்குப் பக்கத்துல நிக்க வெச்சோம். கையில மெஷின் கன்னை மட்டும் கழட்டிட்டேன், மாமியாருக்காக.

வெத்தலை பாக்கு வாங்க வந்த எதிர்வீட்டு மாமி படிப்படியா பாத்துக்கிட்டே வந்து ஜாக்குகிட்ட நின்னுட்டா. “இது எந்த க்ஷேத்திரத்து சுவாமிடீ? ஒத்தைக் கண்ணா இருக்கே.” நான் வாயைத் திறக்கறதுக்குள்ள பையன், “அது சுவாமி இல்ல பாட்டி, எதிரி. நிறைய பேர் இருப்பாங்க, எல்லாரும் செத்துடுவாங்க”ன்னான். மாமி ஒரு நிமிஷம் அவனையே பாத்தா. “அசுரனா இருந்தா என்ன, படிக்கு வந்துட்டானோல்லியோ”ன்னு மோதிர விரலால குங்குமத்தைத் தொட்டு, அந்தக் கண்ணுக்கு நேர் மேல, நெத்தியில ஒரு பொட்டு வெச்சா. பக்கத்துல செட்டியாருக்கும் ஒண்ணு, பாரபட்சம் இல்லாம.

நான் உக்காந்து 400, 600, 1000னு எமரி பேப்பர் மாத்தி மாத்தித் தேய்ச்ச மண்டை அது. பொட்டு வெச்சப்புறம் கண்ணு அந்தப் பொட்டைத்தான் பாக்கற மாதிரி இருக்கு. தலையை எந்தப் பக்கம் திருப்பி வெச்சாலும்.

வெர்னியர்_வேளச்சேரி:
@மாம்பலம்_மோனோஐ பயப்படாதீங்க. குங்குமம் மஞ்சள்லதான் பண்றது, மஞ்சள் சாயம் வெயில்ல வெளுத்துடும். ஜன்னல் ஓரம் கொஞ்ச நாள் வைங்க. நெயில் பாலிஷ் ரிமூவர் பக்கமே போகாதீங்க, அசிட்டோன் பாலிஸ்டைரீனை உருக்கிடும்.

கேட்மார்க்:
எந்தக் கடையில இப்ப மஞ்சள்ல குங்குமம் விக்கறான்? பாதிக்கு மேல கலர் பவுடர். வெயில்ல வெச்சா பொட்டு அப்படியே இருக்கும், வெள்ளைப் பார்ட் இருந்தா அது பழுப்பாகும். ஈரத்தோட 1000 பேப்பர்ல லேசா ஒரு தேய் தேச்சாப் போயிடும்.

வெர்னியர்_வேளச்சேரி:
வீட்ல பண்ற குங்குமமா இருக்கலாம்ல. மாமிங்க பண்ணுவாங்க. மஞ்சளோட எலுமிச்சம்பழமும் வெண்காரமும் போட்டு, எங்க பாட்டியே பண்ணியிருக்காங்க.

மாம்பலம்_மோனோஐ:
நான் கறை எடுக்க வழியே கேக்கலையே! அதை எடுத்தா மாமி அடுத்த வருஷம் கேப்பா. பொட்டு அங்கயே இருக்கட்டும், மேல டாப்கோட் அடிச்சு மூடிடலாம்னு இருக்கேன்.

பெரம்பூர்_ஜாக்கு:
கலர் பவுடரா இருந்தா லாக்கர் பட்டதும் சாயம் இழுத்து நெத்தி பூரா சிவப்பாயிடும். முதல் கை தூரத்துலேர்ந்து தூவின மாதிரி, அது காஞ்சப்புறம்தான் அடுத்தது. தை பொறக்கட்டும், இப்ப வேண்டாம்.