நண்டு அளக்கும் வேலை: முள் ஒடிந்திருந்தால் என்ன செய்வது?

களப்புதுசு: ராமேஸ்வரம் அருகே மண்டபம் ஊர்ப் பக்கம் நீலக்கால் நண்டு இருப்புக் கணக்கெடுப்பில் சேர்ந்து ஒரு வாரம். ஓட்டின் அகலத்தை எங்கே பிடித்து அளப்பது? பாதி நண்டுக்கு ஓட்டின் பக்க முள் ஒடிந்திருக்கிறது. கரையில் காலிப்பரோடு (அகலம் அளக்கும் கருவி) நின்றாலே விரட்டுகிறார்கள்.

பழைய காலிப்பர்: பக்கவாட்டு நீள முள் நுனியிலிருந்து மறுபக்க நுனி வரை. ஒடிஞ்சதை உத்தேசமா எழுதாதீங்க, 'முள் இல்லை'னு குறிச்சு எடையை மட்டும் எடுங்க. வயித்து மடல் குறுகலா இருந்தா ஆண், அகலமா இருந்தா பெண். சினை (வயித்துல முட்டை) இருந்தா நிறத்தையும் எழுதுங்க: ஆரஞ்சு புதுசு, கருஞ்சாம்பல்னா பொரியப் போகுது. முதல் வருசம் நான் 'சினை உண்டு'னு மட்டும் எழுதி ஒரு நோட்டையே வீணாக்கினேன்.

விரட்டுறதுக்குக் காரணம் நண்டோட கால். நீங்க தூக்குறப்ப கால் கழண்டா விலை போச்சு. முதல்ல உக்காந்து நாலு நண்டு வலையிலிருந்து கழட்டிக் கொடுங்க, அப்புறம் அளங்க.

வள்ளக்காரன்: அண்ணன் சொல்றது சரி. ஏப்ரல் 15லேர்ந்து ஜூன் 14 வரைக்கும் 61 நாள் மீன்பிடித் தடை விசைப்படகுக்குத்தான், எங்க வள்ளம் ஓடும். அப்பவும் வாங்க தம்பி. கணக்கெடுக்கிறவங்க சினை நண்டைக் கடல்ல விடச் சொல்றீங்களே, வலையில சுத்துனதைப் பிரிக்கிறதுக்குள்ள பாதி செத்துருது. அதையும் நோட்டுல எழுதுங்க.

களப்புதுசு: நாளைக் காலையிலேயே வர்றேன் அண்ணே. கையுறை போடலாமா?

வள்ளக்காரன்: போட்டா வலையிலிருந்து நண்டைக் கழட்ட வராது.