நகராட்சியின் பழைய சாமானைப் பக்கத்து ஊராட்சிக்கு இலவசமாகக் கொடுக்கலாமா?

வார்டு9:
புதுசு வந்ததால் ஓரங்கட்டிய சாமான் எந்த நகராட்சிக் கிடங்கிலும் கிடக்கும். உதாரணத்துக்கு 12 கணினி, 2 புகைமருந்து மெஷின், 2013-ல் பதிவான ஒரு டிராக்டர் என்று வைத்துக்கொள்வோம். ஏலம் விட்டால் காயலான்கடைக்காரர் எடை போட்டுத்தான் எடுப்பார். கேட்கிற ஊராட்சிக்குச் சும்மாவே கொடுத்துவிடலாம் என்பது என் வாதம். எல்லாம் அரசாங்கப் பணம்தானே?

தணிக்கைக்குறி:
இல்லை. நகராட்சி நிதி வேறு, ஊராட்சி நிதி வேறு. மதிப்பே போடாமல் கைமாற்றினால் தணிக்கைத் தடை நிச்சயம். முதலில் உபரி எது, கண்டெம் (இனி பயன்படாதது) எது என்று பிரிக்க வேண்டும். வாங்கிய வருடம், விலை, இன்றைய மதிப்பு எழுதி, மன்றத் தீர்மானமும் மேல் அனுமதியும் வாங்க வேண்டும். இரண்டு பக்கத்து இருப்புப் பதிவேட்டிலும் ஒரே நாளில் கழித்தலும் வரவும் விழ வேண்டும். மத்திய அரசின் 2017 பொது நிதி விதிகள் எஞ்சிய மதிப்பு 2 லட்சத்தைத் தாண்டினால் டெண்டர் அல்லது ஏலம் என்கின்றன. அது உள்ளாட்சியைக் கட்டுப்படுத்தாது, ஆனால் நல்ல அளவுகோல்.

டிராக்டரை ஊராட்சிக்குக் கொடுப்பதுதான் பெரிய நஷ்டம். 2023 ஏப்ரல் 1 முதல் அரசு வாகனத்துக்கு 15 வருடத்துக்கு மேல் பதிவு கிடையாது, உள்ளாட்சி வாகனமும் இதில் அடக்கம். உங்கள் 2013 டிராக்டர் 2028-ல் ஸ்கிராப். அதையே தனியார் ஏலத்தில் எடுத்தால் எஃப்.சி. (தகுதிச் சான்று) காட்டி 5 வருடம் புதுப்பிக்கலாம். அவர் தரும் விலையில் அதுவும் சேரும்.

ஸ்பேனர்:
டிராக்டர் சரி. ஆனா புகை மெஷினை ஏலம் விடுறது வீண், அதை வெளியில யார் வாங்குவா? டெங்கு சீசன்ல ஊராட்சிக்குத்தான் வேணும். ஓட்டிப் பார்த்துட்டுக் கொடுங்க. 19 லிட்டர் டீசலுக்கு 1 லிட்டர் மாலத்தியான் கலந்ததை டேங்க்லயே விட்டு மாசக்கணக்கில் போட்டிருப்பாங்க, அது காய்ஞ்சு நாசிலை அடைச்சிருக்கும். கார்பரேட்டர் டயஃப்ரம் (மெல்லிய சவ்வு) விறைச்சுப் போயிருக்கும். மருந்து டேங்க்ல வெறும் டீசல் ஊத்தி 5 நிமிஷம் ஓட்டுங்க. புகை உலர்ந்து வெள்ளையா வந்தா ஓகே. ஈரமா சொட்டினா குழாய்ல கரி, கொடுக்காதீங்க, குழாய் வாய்ல தீப்பிடிக்கும். நிறுத்துறப்போ முதல்ல மருந்து வால்வு, புகை முழுசா நின்ன பிறகுதான் இன்ஜின். இதை வாங்குற ஆளுக்குக் காட்டிக்கொடுக்கணும். ரெண்டு டயஃப்ரம், ஒரு ஸ்பார்க் பிளக் சேர்த்துக் கொடுங்க.

வார்டு9:
அப்போ கணினி? ஊராட்சிப் பள்ளிக்குப் போகட்டுமே.

ரேக்4:
அது தானமா, தலைவலியா என்று பாருங்கள். விண்டோஸ் 10-க்கு ஆதரவு 2025 அக்டோபர் 14-உடன் முடிந்தது. இன்டெல் 7-ம் தலைமுறை வரை உள்ளவற்றில் பெரும்பாலானவை விண்டோஸ் 11-க்குத் தகுதியில்லை. இலவச இயங்குதளமான லினக்ஸ் போட்டுத்தான் கொடுக்க வேண்டும். போர்டில் உள்ள சிஆர்2032 பேட்டரி செத்திருந்தால் தேதி பின்னால் போய்விடும், பிறகு இணையதளம் எல்லாம் சான்றிதழ் பிழை என்று அடம்பிடிக்கும். ‘நெட் வேலை செய்யல’ என்று சும்மா கிடக்கும் பெட்டிகளில் இதுவும் ஒரு காரணம். சொத்துவரி, பிறப்புச் சான்று விவரம் இருந்த ஹார்டு டிஸ்க்கை ஃபார்மேட் செய்தால் போதாது. முழுதும் மேலெழுதி, வரிசை எண்ணோடு சான்று வையுங்கள். 12-ல் 7 தேறினால் 7-ஐ மட்டும் கொடுங்கள். மிச்சம் 2022 மின்கழிவு விதிப்படி பதிவுபெற்ற மறுசுழற்சியாளருக்கு. ஊராட்சிக்குத் தள்ளினால் அந்தக் கழிவு அவர்கள் தலையில்.

வார்டு9:
டிராக்டரில் மட்டும் ஒத்துக்கொள்ள மாட்டேன். ஏலப் பணம் நகராட்சிப் பொது நிதியில் கரைந்துவிடும். குப்பை அள்ள மணிக்கு இவ்வளவு என்று வாடகை கொடுக்கும் ஊராட்சிக்கு இரண்டு வருடமே பெரிசு.

தணிக்கைக்குறி:
அந்த இரண்டு வருட வாடகையைக் கணக்குப் போட்டு, ஏல மதிப்போடு சேர்த்து மன்றக் கூட்டப் பொருளில் வையுங்கள்; எது கூடுதலோ அதன்படி. கொடுப்பதானால் பெயர் மாற்றத்துக்கான படிவம் 29, 30-ஐ அன்றே போடுங்கள். பெயர் மாறாமல் வண்டி மட்டும் போனால், விபத்து நடந்தால் நோட்டீஸ் நகராட்சிக்குத்தான் வரும்.

ஸ்பேனர்:
ட்ரெய்லருக்குத் தனி ஆர்.சி. இருக்கும். அதையும் மறக்காம மாத்துங்க.