புயல் கரையைக் கடக்கும்போது நிலாவெளியில் கடல் எவ்வளவு தூரம் ஏறும்?

நிலாவெளி மகன்:
எல்லோருக்கும் வணக்கம். வங்காள விரிகுடாவின் தென்கிழக்கில் உருவான தாழமுக்கம் வலுப்பெற்று, நாளை மறுநாள் இரவு மட்டக்களப்புக்கும் முல்லைத்தீவுக்கும் இடையில் எங்காவது கரையைக் கடக்கலாம் என்று வளிமண்டலவியல் திணைக்களம் அறிவித்திருக்கிறது. எங்கள் வீடு கடலிலிருந்து ஏறத்தாழ இருநூறு மீற்றர் உள்ளே இருக்கிறது. பின்பக்கம் புல்மோட்டை வீதி, அதைத் தாண்டினால் களப்பு. அம்மாவால் பிடிமானமின்றி நடக்க முடியாது. கிராம உத்தியோகத்தர் ஆயத்தமாக இருக்கச் சொன்னாரே தவிர, வெளியேறச் சொல்லவில்லை. அன்று பறுவமும் (முழுநிலவும்) சேர்ந்து வருவதால், 2004இல் வந்ததுபோலக் கடல் வந்துவிடுமோ என்று வீட்டில் எல்லோரும் பயப்படுகிறார்கள். இப்போதே திருகோணமலை டவுனுக்குப் போய்விடுவதா, பார்த்துவிட்டுப் போவதா?

திருக்கடலூரான்:
தம்பி, பறுவத்தை நினைத்து அதிகம் கவலைப்பட வேண்டாம். நமது கடலில் பெருக்குக்கும் வற்றுக்கும் உள்ள வித்தியாசம் ஒரு மீற்றருக்கும் குறைவு, பறுவத்திலும் அப்படித்தான். 2004இல் வந்தது கடலடி நிலநடுக்கத்தால் எழுந்த ஆழிப்பேரலை. புயலில் ஏறும் நீர் அப்படிச் சுவராக வராது, காற்று வலுக்க வலுக்க மணிக்கணக்கில் ஏறும். காற்றமுக்கம் ஒரு ஹெக்டோபாஸ்கல் குறைந்தால் கடல்மட்டம் சுமார் ஒரு சென்ரிமீற்றர் உயரும் என்பது பொதுக்கணக்கு; மிகுதி முழுவதும் காற்று தள்ளிக்கொண்டு வரும் நீர். தள்ளப்படும் நீர் குவிவதற்கு ஆழங்குறைந்த அகன்ற கடல் வேண்டும். 1964இல் தனுஷ்கோடியை அழித்த அளவுக்குக் கடல் ஏறியதற்கு அங்குள்ள ஆழமற்ற கடலும் ஒரு காரணம். நமக்குக் கரையை அண்டியே ஆழம் தொடங்கிவிடுவதால் அந்த அளவுக்கு நீர் குவிவதில்லை; ஆனால் அதே ஆழத்தால் பெரிய அலைகள் வலுக்குறையாமல் கரைக்கே வந்து அடித்து மண்ணை அரித்துக்கொண்டு போகும். எங்கள் பக்கத்தில் படகுகளையும் எஞ்சின்களையும் வீதிவரை ஏற்றிவிட்டோம்.

நீங்கள் உண்மையில் கவனிக்க வேண்டியது, புயலின் மையம் உங்களுக்கு வடக்கே கடக்கிறதா, தெற்கே கடக்கிறதா என்பதைத்தான். நமது பக்கத்தில் புயற்காற்று கடிகாரமுள்ளுக்கு எதிர்த்திசையில் சுழல்வதால், மையத்துக்கு வடக்கே இருப்பவர்களுக்குக் கடலிலிருந்து கரைக்கும், தெற்கே இருப்பவர்களுக்குக் கரையிலிருந்து கடலுக்கும் காற்று வீசும். 2020 டிசம்பர் 2ஆம் திகதி புரெவிப் புயல் திரியாய், குச்சவெளிப் பக்கமாக நமக்கு வடக்கே கடந்தது. அது தரைக்காற்றின் பக்கம். 2000 டிசம்பர் 26இல் வந்த சூறாவளி நகரத்துக்குச் சற்றுத் தெற்கே கடந்தது. அது கடற்காற்றின் பக்கம். வடகீழ்க் காற்று கிழக்காகவும் பின்பு தென்கிழக்காகவும் திரும்பினால் மையம் உங்களுக்குத் தெற்கே போகிறது. வடமேற்காகி மேற்குக்குத் திரும்பினால் வடக்கே போகிறது. ஆனால் காற்றைப் பார்த்து அந்த நேரத்தில் முடிவெடுப்பது படகுக்காரனுக்குச் சரிவரலாம், நடக்க முடியாத அம்மாவை வைத்திருப்பவருக்குச் சரிவராது.

கிண்ணியா ஆசிரியர்:
சகோதரர் கடலைப் பற்றி எழுதியவற்றில் எனக்கு மறுப்பில்லை. தரைப்பக்க நீரை அவர் சேர்த்துக்கொள்ளவில்லை என்பதே என் குறை. கொட்டியாரக் குடாவைச் சுற்றியுள்ள எங்களுக்குக் கடலைவிட மகாவலி ஆறே பயம். 2025 நவம்பர் இறுதியில் டித்வாப் புயல் கரையை விட்டு விலகிய பிறகுதான் மலைநாட்டு வெள்ளம் இங்கு வந்து சேர்ந்தது; மாவிலாற்று அணைக்கட்டு உடைத்துக்கொள்ள, மூதூர், வெருகல் பக்கத்து மக்களை அவசரமாக வெளியேற்ற வேண்டியதாயிற்று. காற்று ஓய்ந்துவிட்டது என்று வீடு திரும்பியவர்கள்தாம் அதிகம் சிரமப்பட்டார்கள் என்பேன்.

நிலாவெளிக்கு மகாவலி வராது என்றாலும், அதே சங்கதி சிறிய அளவில் உங்களுக்கும் உண்டு. கடல்மட்டம் உயர்ந்திருக்கும்வரை களப்பு நீர் முகத்துவாரத்தால் வடியாது. மழையும் குளத்து நீரும் சேர்ந்தால், முன்பக்கம் கடல் ஏறாவிட்டாலும் பின்பக்கம் களப்பு ஏறி வீதியை மூடிவிடக்கூடும். நகரத்துக்கு வர நீங்கள் சாம்பல்தீவுப் பாலத்தைத் தாண்ட வேண்டும். இரவில், மழைக்குள், மரங்கள் விழுந்து கிடக்கும் வீதியில் அம்மாவை ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு அந்தப் பாலத்தடியில் நிற்கும் நிலை வேண்டாம். அறிவித்தல் வரும்வரை காத்திராமல் நாளை பகலிலேயே போய்விடுங்கள்.

நிலாவெளி மகன்:
இருவருக்கும் நன்றி. நாளைக் காலை உவர்மலையில் இருக்கும் பெரியம்மா வீட்டுக்கு அம்மாவைக் கொண்டுபோகிறோம். அது மேடான இடம். தம்பி மட்டும் வீட்டைப் பார்த்துக்கொள்ள நிற்கப்போவதாகப் பிடிவாதம் பிடிக்கிறான். கிணற்றை என்ன செய்வது என்றும் யாராவது சொல்லுங்கள்.

கிண்ணியா ஆசிரியர்:
தம்பியையும் கூட்டிக்கொண்டு போங்கள். வீட்டைக் காற்றிலிருந்து அவரால் காப்பாற்ற முடியாது. கிணற்றுக் கட்டின்மேல் தகரத்தைப் போட்டுக் கல் வைத்து மூடாதீர்கள், காற்று தகரத்தைக் கத்தியாக்கிவிடும். தடித்த பொலித்தீனை விரித்துக் கட்டைச் சுற்றிக் கயிற்றால் இறுக்கினால் போதும். மோட்டாரைக் கழற்றி மேலே வையுங்கள். வெள்ளம் உள்ளே போய்விட்டால், வந்தவுடன் கிணற்றை முழுவதும் இறைக்க வேண்டாம். மணலுக்குள் நமது நன்னீர் உப்புநீரின்மேல்தான் மிதந்துகொண்டிருக்கிறது. ஆழிப்பேரலைக்குப் பின் கிழக்குக் கரையில் அவசரப்பட்டு அடிவரை இறைத்ததால் அடியிலிருந்த உப்புநீர் மேலேறிக் கெட்ட கிணறுகள் உண்டு. சிறிது சிறிதாக இறைத்து, பொதுச் சுகாதாரப் பரிசோதகரைக் கேட்டுக் குளோரின் இட்டு, அவர் சரி என்று சொல்லும்வரை பவுசர் தண்ணீரையே குடியுங்கள். அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் அவசர இலக்கம் 117. அம்மாவின் தொலைபேசியிலும் அதைப் பதிந்துவிடுங்கள்.

திருக்கடலூரான்:
களப்பைப் பற்றி ஆசிரியர் சொன்னது சரி. நாளை பதினொரு மணிபோல ஒரு பொருள் ஏற்ற லொறியில் நிலாவெளிப் பக்கம் வருகிறேன். அம்மாவின் கட்டிலையும் ஏற்ற வேண்டுமென்றால் தனிமடலில் எழுதுங்கள்.